நான் எழுதாமல் விட்டது

ஜெபிஷா உள்ளே போய்ப் பதினோரு நிமிடம் ஆகிவிட்டது. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருக்கிறது, அதில் உள்பக்கமாகக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், அதனால் நான் பார்த்துக்கொண்டிருப்பது வெள்ளைக் காகிதத்தைத்தான். உள்ளே மூன்று பேர் இருப்பார்கள் என்று கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் போட்டிருந்தது. தலைவர் ஒருவர், வேறு துறையிலிருந்து ஒருவர், எங்கள் கட்டுரைகளைத் திருத்திய மோராக். கட்டுரை இரண்டு, ஆசிரியர் இரண்டு பேர், ஆனால் அப்பா ஒருவர்தானோ என்று சந்தேகம் வந்ததால் இந்த விசாரணை. அப்படியே எழுதவில்லை அவர்கள். “குறிப்பிடத்தக்க ஒற்றுமைகள்” என்று எழுதியிருந்தார்கள். இங்கே எல்லாவற்றையும் மெத்தையில் சுற்றித்தான் கொடுப்பார்கள். ஒரு மாணவி இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறாள், இன்னொரு மாணவியும் இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறாள், இரண்டு அப்பாக்களும் பஸ் டிரைவர்கள், இரண்டு பேருக்கும் இடது காலும் கையும் விளங்காமல் போயிருக்கிறது, இரண்டு மகள்களும் வீடியோவில் “கிளட்ச்ச மிதிங்கப்பா” என்று சொல்லிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கிளட்ச்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. எங்களை என்று ஏன் நினைக்கிறேன். நான் ஒன்றும் செய்யவில்லை. மடியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறது, அதற்குள் அப்பாவின் இறப்புச் சான்றிதழ். அருப்புக்கோட்டை நகராட்சியில் அம்மா வரிசையில் நின்று வாங்கிப் படம் எடுத்து அனுப்பியது, நான் நூலகத்தில் அச்செடுத்தேன். எதுக்குத்தா இப்ப அது, என்று அம்மா கேட்டாள். காலேஜுல கேக்குறாங்கம்மா என்றேன். காலேஜுல எதுக்கு அதெல்லாம் கேக்குறாங்க என்று அவள் மறுபடி கேட்கவில்லை. வெளிநாட்டுக் கல்லூரி என்றால் என்ன வேண்டுமானாலும் கேட்பார்கள் போல என்று விட்டுவிட்டாள். விசாவும் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கூட்டுச் சதி என்று முடிவானால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பன்னிரண்டு நிமிடம். உள்ளே அவள் அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். வெளியே கடல்காகங்கள் கத்துகிற சத்தம் மட்டும் வருகிறது. இந்த ஊர்க் காகங்களுக்குப் பச்சைக் குழந்தையின் குரல்.

அப்பா இருபத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டினார். கடைசிப் பதினாறு வருஷம் திருச்சுழி டவுன் பஸ். ஓய்வு பெற்ற மறு வருஷம் மார்ச் மாதம், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தவர் பொத்தான் எங்கே என்று கேட்டபடி சரிந்தார். நான் பிசியோதெரபி படித்தவள் என்பதால் வீட்டில் ஒருவருக்கும் பயமில்லை, மாரி பாத்துக்கும் என்றார்கள். பார்த்தேன். ஆறு மாதம் காலையும் மாலையும் பார்த்தேன். கணுக்காலை மேலே இழுங்க, கீழே தள்ளுங்க என்றால் அவருக்குப் பிடிபடவில்லை. கிளட்ச்ச மிதிங்க, இப்ப விடுங்க என்றேன். அன்றைக்குத்தான் அந்தக் கால் முதல் முறையாக அசைந்தது. செப்டம்பரில் நான் முதுகலைக்காக ஸ்காட்லாந்தின் இந்தக் கிழக்குக் கரைக்கு வந்த பிறகு அதே பயிற்சி வீடியோவில். அவருக்கு வீடியோ அழைப்பின் இலக்கணம் கடைசி வரை வரவில்லை. போனைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் பேசுவார், திரை முழுக்க ஒரு காது தெரியும், நரை முடி முளைத்த காது. “தள்ளிப் பிடிங்கப்பா, கால் தெரியணும்.” “கேக்குது தாயி, நல்லாக் கேக்குது.” கேட்கிறதா என்று யார் கேட்டார்கள். இதையெல்லாம் எழுத வேண்டும் என்று ஒரு பாடமே இங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் புதிது. நாலரை வருஷம் ஊரில் படித்தபோது ‘நான்’ என்ற வார்த்தையை ஒரு விடைத்தாளிலும் எழுதியதில்லை. நோயாளி நடக்கவைக்கப்பட்டார், நோயாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது. யார் வழங்கினார், அவருக்கு அன்றைக்குத் தலைவலியா, வீட்டில் சண்டையா, அதெல்லாம் பரீட்சைக்கு வராது. இங்கே மோராக் முதல் வகுப்பிலேயே சொன்னாள் (அவளை மேடம் என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டாள், மோராக் என்றால்தான் பார்ப்பாள்), உங்களை உலுக்கிய ஒரு பராமரிப்பு அனுபவத்தை எழுதுங்கள், நீங்கள் என்ன உணர்ந்தீர்கள், எங்கே தவறினீர்கள், நேர்மையாக. எங்கே தவறினீர்கள் என்று கேட்டு மதிப்பெண் போடுகிற ஊர் இது. நான் எழுதினேன். தொலைவிலிருந்து தரும் பயிற்சியின் எல்லைகள், குடும்பத்தாருக்கு முறையான பயிற்சி இல்லாமை, அப்பா கீழே விழுந்த அன்று நான் வகுப்பில் இருந்ததால் அவருடைய அழைப்பை எடுக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு மதிப்பெண். ஓரத்தில் மோராக்கின் ஊதா மையில் ஒரு வரி. நீங்கள் இதில் எங்கே இருக்கிறீர்கள்? எங்கே இருக்கிறேனா. என் அப்பா, என் கட்டுரை, என் பெயர் மேலே இருக்கிறது, வேறு எங்கே இருக்க. அந்த வரி பற்களுக்கிடையில் மாட்டிய நார் மாதிரி. நாக்கு அங்கேயே போகிறது, இப்போதும் போகிறது. நீங்கள் இதில் எங்கே இருக்கிறீர்கள். வராந்தாவில், அம்மணி. நாற்காலியில்.

ஜெபிஷாவைச் சந்தித்தது நான் கடுகு தாளித்ததால். வந்து நாலாவது நாள் சாயங்காலம், விடுதிச் சமையலறையில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்ததும் கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது, மூன்று மாடிப் பிள்ளைகளும் படியிறங்கித் தெருவில் நின்றார்கள், துண்டு கட்டிக்கொண்டு ஒருவன், முகத்தில் பச்சைக் களிம்போடு ஒருத்தி. நான் கரண்டியோடு நின்றேன். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், காற்று அறைகிறது, அப்போது பின்னாலிருந்து ஒரு ஜாக்கெட் என் தோளில் விழுந்தது. “மக்கா, இங்க சன்னலத் தொறந்து வச்சிட்டுத்தான் தாளிக்கணும் கேட்டியா.” மார்த்தாண்டத்துக்காரி. நாகர்கோவில் பக்கம் படித்தவள், என்னைப் போலவே பிசியோ, என் வகுப்பு, என் மாடி. அந்த ஜாக்கெட்டை அவள் திருப்பிக் கேட்கவே இல்லை, இப்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன், காலையில் வேறு எதுவும் காயவில்லை. ‘ஆர் யூ ஆல்ரைட்’ என்று இங்கே கேட்டால் அது கேள்வி இல்லை, நின்று பதில் சொல்லக் கூடாது என்று சொல்லித் தந்தவள் அவள். பயிற்சிக்குப் போன வார்டில் கிழவர்கள் பேசும் ஸ்காட்டிஷ் புரியாமல் நான் கழிவறையில் போய் நின்றபோது கதவுக்கு வெளியே நின்று, “எனக்கும்தான் ஒரு மண்ணும் புரியல்ல, நான் சும்மா சிரிப்பேன், நீயும் சிரி” என்றவள். அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார். “மக்ளே, அவ ஒழுங்கா திங்காளா? நீ சொன்னாத்தான் நான் நம்புவேன்.” தின்கிறாள் மாமா என்பேன். நவம்பரில் என் அப்பா போன பிறகு அவர் என்னிடம் ஒன்றுமே கேட்காமல், அழைப்பையும் வெட்டாமல், நெடுநேரம் பேசாமல் இருந்தார், மூச்சு மட்டும் கேட்டது. அதை மறக்க முடியாது. அதனால்தான் அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த மனிதரை அவள் கட்டுரையில் சாகடித்திருக்கிறாள்.

அவளிடம் நான்தான் சொன்னேன். ஒருவரும் என் வாயைப் பிடுங்கவில்லை. டிசம்பரில், மூன்றரைக்கே இருட்டிவிட்ட ஒரு சனிக்கிழமை, கீழ்த்தளத்துத் துணி துவைக்கும் அறையில். டிரையர் சுற்றி முடிக்க நாற்பது நிமிடம், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம், இயந்திரத்தின் சூடு முதுகில் பட்டது, சூடு பட்டதும் வாய் திறந்துகொண்டது. அப்பா விழுந்த அன்றைக்கு நான் வகுப்பில் இல்லை ஜெபிஷா. கேன்டீனில் இருந்தேன். வகுப்பில் அந்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்களே, இரண்டு மாதத்தில் முதல் முறையாக அன்றைக்குத்தான் என்னைத் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து இரண்டு வாய்கூட வைக்கவில்லை, அப்பா வீடியோவில் கூப்பிட்டார். போன் மேசை மேல் மல்லாந்து கிடந்தது, கை பட்டுத் திறந்துவிட்டது. திரை முழுக்கக் காது. ஒருத்தி எட்டிப் பார்த்து, அது காதா என்று சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, யாருக்கும் சிரிப்பு வரும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெட்டிவிட்டேன். அப்பா ‘தாயி’ என்று ஆரம்பித்திருந்தார். பிறகு ஒரு செய்தி போட்டேன், வகுப்பில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று. அவர் கம்பு இல்லாமல் வாசல் வரை நடக்கப் பழகியிருக்கிறார், எனக்குக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார், நான் பேசவில்லை என்றதும் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இன்னொரு தடவை நடந்து பார்த்திருக்கிறார், நான் அப்புறம் கூப்பிடும்போது தடுமாறாமல் காட்ட வேண்டும் என்று. வாசற்படியில் இடுப்பெலும்பு முறிந்தது. ஒன்பது நாள். பிள்ளைக்குப் படிப்பு கெடக் கூடாது, வரச் சொல்லாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் போகவில்லை. ஜெபிஷா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், டிரையர் நின்ற பிறகும் வைத்திருந்தாள். அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். ஆறுதல் சொன்னதா, குறிப்பெடுத்ததா. இரண்டும்தானோ. அந்த நேரத்தில் அது ஆறுதல்தான், பிப்ரவரியில்தான் கட்டுரை வந்தது, பிப்ரவரியில் அவளுக்கு எழுத ஒன்றும் இல்லை, எனக்கு யாரும் சாகல்லியே மக்கா, நான் என்னத்த எழுத என்று சமையலறையில் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் எல்லாவற்றுக்கும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவள்.

கடிதத்தோடு இரண்டு கட்டுரைகளையும் இணைத்திருந்தார்கள், பெயர்களோடு. அவளுடையதை நூலகத்தின் இரண்டாம் மாடியில் நின்றபடி படித்தேன், உட்காரத் தோன்றவில்லை. “நான் வகுப்பில் இருக்கவில்லை. கேன்டீனில் இருந்தேன்.” அப்படித் தொடங்குகிறது. மேசை, தட்டு, காது. “அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.” ஊதா மையில் ஓரத்தில்: வலிக்கிற நேர்மை. இதை எழுதியதற்கு நன்றி. எழுபத்திநான்கு. முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை, அதை யாரிடமும் சொல்ல முடியாது. முதலில் வந்தது பொறாமை. நன்றாக எழுதியிருக்கிறாள். எனக்கு அந்த வாக்கியங்கள் வரவில்லை, என் நாக்கிலிருந்து போனவை என்னிடம் திரும்பவில்லை, அவளிடம் போய் மதிப்பெண் வாங்கியிருக்கின்றன. கோபம் மாடிப்படி இறங்கும்போதுதான் வந்தது. அம்மாவுக்குத் தெரியாதது அது. தம்பிக்குத் தெரியாதது. மோராக்குக்குத் தெரிந்திருக்கிறது, ஜெபிஷாவின் பாவமாக. இரண்டாவதாகத் திருத்தியவருக்கும், கடிதத்தைத் தட்டச்சு செய்த அலுவலகத்துப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் அவள் எனக்கு முன்னால் தேநீர் வைத்தாள். குடிக்கவில்லை. “மாரி, ரெண்டுபேரும் பேசிப் பேசி எழுதினோம்னு சொல்லு. தப்புன்னு தெரியாதுன்னு சொல்லுவோம். திரும்ப எழுதச் சொல்லுவாவ, அவ்வளவுதான்.” எங்க அப்பா எப்படி உங்க அப்பா ஆனாருன்னு கேப்பாங்களே, என்றேன். “எனக்க அப்பாவுக்கும் அப்படித்தான் ஆச்சுன்னு சொல்லிட்டுப் போறேன். இங்க இருந்து மார்த்தாண்டத்துக்கு வந்தா பாப்பாவ?” பிறகு குரலைத் தாழ்த்தி: “நான் உனக்க கட்டுரைய பாத்து எழுதல்ல. நீ எழுதாம விட்டதத்தான் எழுதினேன். நீ அத ஒருநாளும் எழுதப் போறதில்ல, பின்ன என்னத்துக்கு?” நீ வேண்டாம் என்று வைத்த பழந்துணியைத்தானே எடுத்துக்கொண்டேன், அதற்கா இவ்வளவு, என்பது மாதிரி. அந்தக் குரலில் திருட்டுத்தனம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். அதுதான் ராத்திரி முழுக்கக் குடைந்தது. அவள் சொன்னதில் பாதி சரி. நான் எழுதப் போவதில்லை. எழுதாத வரைக்கும் அது நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அது என்னுடையது என்று சொல்ல வேண்டுமென்றால், நான் கேன்டீனில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வகுப்பில் இருந்த மகளின் அப்பா என்னுடையவர், கேன்டீனில் இருந்த மகளின் அப்பா அவளுடையவர், இரண்டு வேறு சாவு, தற்செயலான ஒற்றுமை, இரண்டு பேரும் தப்பிக்கலாம். அப்பாவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கதவு திறக்கிறது. ஜெபிஷா வெளியே வருகிறாள், கண் சிவந்திருக்கிறது, உண்மையாகவே அழுதிருக்கிறாள். என்னைக் கடக்கும்போது நிற்காமல், உதடு அசையாமல், “நான் சொல்லிட்டேன். நீ வகுப்புல இருந்தன்னே சொல்லு, ஒண்ணும் வராது” என்கிறாள். பின்னாலேயே அலுவலகப் பெண் வந்து தாளைப் பார்த்து, மிஸ் சுந்தரபாண்டி, என்று கூப்பிடுகிறாள். இந்த ஊரில் என்னை எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், பாஸ்போர்ட்டில் அப்படி. எழுந்தேன். உள்ளே மேசை மேல் தலைவரின் சைக்கிள் தலைக்கவசம், ஒரு ஜாடித் தண்ணீர், தயாராக ஒரு டிஷ்யூ பெட்டி. மோராக் என்னைப் பார்த்து, நிதானமாகப் பேசலாம், அவசரமில்லை என்றாள். தலைவர் மெத்தையில் சுற்றித்தான் கேட்டார். உங்கள் தோழியும் நீங்களும் ஒரே மாதிரியான துயரத்தைக் கடந்து வந்திருப்பதாகத் தோழி சொல்கிறார், அது எங்களுக்கு வருத்தமளிக்கிறது, அதைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா. நான் சான்றிதழை மேசையில் வைத்தேன். அவர் அதை நேராகப் பிடித்து, பிறகு சாய்த்துப் பிடித்து, இது தமிழில் இருக்கிறதா, என்றார். ஆங்கிலமும் கீழே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன், அப்பாவின் பெயரின் மேல் விரல். பிறகு சொன்னேன். அவளுடைய அப்பா உயிரோடு இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு பேசினேன். மோராக்கின் ஊதாப் பேனா நின்றது. பேனா நின்றதும் எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன், முழங்காலில் இருந்து ஏறி வந்த சந்தோஷம். அது தொண்டைக்கு வருவதற்குள் மோராக் கேட்டாள், மெல்ல, என் கட்டுரையையும் அவள் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உங்கள் கட்டுரையில் நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள். அவருடையதில் மகள் கேன்டீனில் இருக்கிறாள். இதை மட்டும் எனக்கு விளங்கவையுங்கள், இது எங்கிருந்து வந்தது? கற்பனை என்று சொல்லியிருக்கலாம். அவள் சேர்த்துக்கொண்டது, எனக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று பேரும் தலையாட்டியிருப்பார்கள், நான் சுத்தமாக வெளியே வந்திருப்பேன், ஐம்பத்திரண்டு மதிப்பெண்ணோடு. அப்பா ‘தாயி’ என்று ஆரம்பித்தது யாருடைய கற்பனையிலும் நடக்கவில்லை. தண்ணீரை எடுக்கவில்லை. “அவள் எழுதியதுதான் உண்மை,” என்றேன், “ஆனால் அது எனக்கு நடந்தது.” டிஷ்யூ பெட்டியை யாரோ என் பக்கம் தள்ளினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அப்படியானால் உங்கள் கட்டுரையில் இருப்பது உண்மையல்ல, என்றார் தலைவர், கேள்வியாக இல்லாமல். உண்மையல்ல, என்றேன். எழுதிக்கொண்டார். முடிவு ஒரு வாரத்தில் கடிதமாக வரும், உங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் மறுபடி எழுத வேண்டியிருக்கும் என்றார். ஜெபிஷாவைப் பொறுத்தவரை என்ன என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. பொய்யாக ஒரு சாவைச் சொன்னவளை நோயாளிகள் பக்கத்தில் விட மாட்டார்கள் என்பது அந்த அறையில் இருந்த எங்கள் நான்கு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வேறு வழியில்லை, எங்கள் இருவருக்கும் அதே பஸ்தான். மழை இல்லை, மழைக்கு முந்தின காற்று மட்டும். பக்கத்தில் போய் நின்றேன். “என்ன சொன்ன?” என்றாள். உங்க அப்பா உசுரோட இருக்காருன்னு சொன்னேன். அவள் ரோட்டைப் பார்த்தாள். கத்துவாள், கையை ஓங்குவாள் என்று எதிர்பார்த்தேன். “அப்ப நீ கேன்டீன்ல இருந்ததையும் சொல்லிட்டியா?” சொல்லிட்டேன். “எழுதாம விட்டத அவங்ககிட்டப் போய்ச் சொன்னியாக்கும்.” உனக்குத்தான் மொதல்ல சொன்னேன், டிசம்பர்ல, என்று சொல்ல வந்து சொல்லவில்லை. அவள் போனை எடுத்தாள், திரையைப் பார்த்தாள், திரும்ப உள்ளே வைத்தாள், பிறகு எடுத்தாள். ஊரில் இப்போது சாயங்காலம், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து அவர் குளித்திருப்பார். நேற்று வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தது என் விசாவை, இப்போது நினைப்பது ஒருவர் குளித்துவிட்டுத் தலை துவட்டுவதை. “மாரி,” என்றாள், முதல் நாள் தெருவில் மக்கா என்று கூப்பிட்ட குரல்தான், அதில் ஒரு மாற்றமும் இல்லை, “நான் எனக்க அப்பாகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?” எனக்குப் பதில் தயாராக இருந்தது. எப்போது தயாரானது என்று தெரியாது, நூலகப் படியிலா, வராந்தாவிலா. “செத்துட்டாருன்னு எழுதிட்டியே. செத்தவங்ககிட்ட சொல்றதுக்கு என்ன இருக்கு?” சொல்லி முடித்ததும் இன்னும் எதையோ எதிர்பார்த்தேன், ஒரு இறக்கம், ஒரு மூச்சு, பாரம் இறங்கினது மாதிரி. ஒன்றும் இறங்கவில்லை. அவள் அது நியாயம்தான் என்பது போல இரண்டு தடவை தலையாட்டினாள், அவ்வளவு லேசாக, விலை கேட்டு ஒத்துக்கொள்கிற மாதிரி. பஸ் வந்தது. ஓட்டுநர் இருவருக்கும் சேர்த்து, ஆர் யூ ஆல்ரைட், என்றார், நாங்கள் பதில் சொல்லவில்லை. அவள் மேல்தளத்துக்கு ஏறிப் போனாள். நான் கீழே, கதவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். ஆறு நிறுத்தங்கள். முதல் நிறுத்தத்தைத் தாண்டும்போதே மேலிருந்து அவள் குரல் கேட்க ஆரம்பித்தது, போனில், அப்பா, அப்பா, என்று இரண்டு முறை, பிறகு வார்த்தை பிடிபடவில்லை, இன்ஜின் சத்தம் அதிகம். எழுந்து மேலே போயிருக்கலாம். ஆறு நிறுத்தங்களிலும் எழுந்திருக்கவில்லை.